கடன் வரம்பைத் தூக்கினால் பட்ஜெட்டில் என்ன ஆகும்?

2023 ஜனவரி 19 அன்று அமெரிக்க அரசின் கடன், சட்டம் அனுமதித்த உச்சவரம்பான 31.4 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. நான்கு மாதங்களுக்கும் மேல் நீண்ட இழுபறிக்குப் பிறகு, ஜூன் 3 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்ட சட்டம் அந்த வரம்பை 2025 ஜனவரி 1 வரை நிறுத்திவைத்தது. அந்தச் சட்டத்தால் பத்தாண்டுகளில் பற்றாக்குறை சுமார் 1.5 லட்சம் கோடி டாலர் குறையும் என்றது நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம். கடன் வாங்குவதற்கு இருந்த தடையை எடுத்தால் கடன் எப்படிக் குறையும்?

அதனால் குறையவில்லை. வரம்பை நிறுத்திவைக்கும் பிரிவுக்கு அந்தக் கணக்கில் விழுந்த தொகை பூஜ்யம். அலுவலகத்திடம் ஏற்கெனவே ஓர் அடிப்படைக் கணிப்பு இருக்கிறது: இன்றைய சட்டங்கள் அப்படியே தொடர்ந்தால் வரவும் செலவும் எப்படிப் போகும் என்பதே அது. புதிய சட்டம் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறதோ, அதுதான் சட்டத்தின் 'விளைவு'. ஓய்வூதியம், மருத்துவ உதவி, வட்டி எல்லாம் உரிய நேரத்தில் கொடுக்கப்படும், கடன் வரம்பு குறுக்கே நிற்காது என்றே அந்தக் கணிப்பு எடுத்துக்கொள்கிறது. இல்லாததாக வைத்துக் கணக்கிட்ட தடையை எடுத்தால் வித்தியாசம் எங்கிருந்து வரும்?

சேமிப்பு வந்தது கூடவே ஒட்டிவந்த பிரிவுகளால். ஆண்டுதோறும் ஒதுக்கும் செலவுகளுக்கு 2024, 2025 என இரண்டே ஆண்டுகளுக்குக் கறாரான வரம்பு போட்டார்கள். அதிலிருந்து மட்டும் 1.3 லட்சம் கோடி. இரண்டு ஆண்டுக் கட்டுப்பாட்டுக்கு இவ்வளவா? ஒரு துறைக்கு இந்த ஆண்டு 100 டாலர் என்று வைத்துக்கொள்வோம். விலைவாசி 3 சதவீதம் ஏறினால் அடிப்படைக் கணிப்பில் அது 103, பிறகு சுமார் 106. வரம்பு அதை 100, 101 என்று பிடித்துவைக்கிறது. மூன்றாம் ஆண்டிலிருந்து கட்டுப்பாடு இல்லை. ஆனால் இனி ஏறுவது 101-லிருந்துதான். அந்த 5 டாலர் இடைவெளி பத்தாம் ஆண்டுவரை மூடாது. கூடவே வட்டிச் செலவிலும் சுமார் 18,800 கோடி டாலர் மிச்சம். அடுத்த நாடாளுமன்றம் கூடுதலாக ஒதுக்கினால் இதெல்லாம் காகிதத்தோடு போய்விடும் என்பது வேறு விஷயம்.

சிறிய பிரிவுகளில்தான் எனக்குச் சுவாரசியம் அதிகம். 'ஸ்னாப்' உணவு உதவிக்கான வேலை நிபந்தனையை 54 வயதுவரை நீட்டினார்கள். சிக்கனம் என்றுதான் அதை முன்வைத்தார்கள். ஆனால் முன்னாள் படைவீரர்களுக்கும் வீடற்றவர்களுக்கும் தந்த விலக்கு அதை விழுங்கிவிட, செலவு சுமார் 210 கோடி டாலர் கூடும் என்று கணக்கு வந்தது. வரித்துறையின் நிதியில் 140 கோடியை வெட்டினார்கள். ஆள் குறைந்தால் வசூலும் குறையுமே! வருவாய் இழப்பு 230 கோடி. நிகரமாக 90 கோடி நஷ்டம். மாணவர் கடன் தவணைகளுக்குத் தந்திருந்த சலுகையை முடித்துவைத்த பிரிவுக்கோ பூஜ்யம்தான். அது முடிந்துவிடும் என்று அடிப்படைக் கணிப்பு முன்பே எழுதிவைத்திருந்தது.

இந்த முறையில் பிடிபடாத செலவும் உண்டு. 2011-ல் வரம்பை உயர்த்தத் தாமதித்ததால், அந்த நிதியாண்டில் மட்டும் அரசின் கடன் வாங்கும் செலவு சுமார் 130 கோடி டாலர் கூடியது என்று அமெரிக்கத் தணிக்கை அமைப்பு பின்னாளில் மதிப்பிட்டது. எந்த மசோதாவின் கணக்கிலும் அந்தத் தொகைக்கு இடம் கிடையாது. அது சட்டம் இயற்றியதால் வந்ததல்ல, இயற்றாமல் இழுத்தடித்ததால் வந்தது.