ஜிஎம் பயத்துல சாப்பாட்ட நிறுத்தாதீங்க, ப்ளீஸ்

போன வாரம் பினாங்கு செபராங் ஜெயாவுல இருந்து ஒரு ஆண்டி வந்தாங்க. 61 வயசு, சுத்த சைவம், பத்து வருஷத்துக்கு மேல இனிப்பு நீர், ரெண்டு வேள இன்சுலின் ஊசி. நாலு மாசத்துல 9 கிலோ இறங்கியிருக்கு, கால் வீங்கியிருக்கு, ரத்தத்துல அல்புமின்ங்கிற புரதம் கம்மி, ரெண்டு தடவ விடிகாலைல சீனி இறங்கி வேர்த்துக் கொட்டி கை நடுங்கி மகன் ஓடிவந்து சீனித்தண்ணி குடுத்திருக்காரு. என்னம்மா சாப்பிடுறீங்கன்னு கேட்டா, சோயா பால், தோஃபு, தெம்பே, சோளம், பப்பாளி, தர்பூசணி எல்லாத்தையும் விட்டுட்டேன்மா, அதெல்லாம் ஜிஎம்ஓவாம், மரபணு மாத்தினதாம், புத்துநோய் வருமாம், குடும்ப வாட்சப் குரூப்புல வந்துச்சுன்னாங்க. சோறும் ரசமும், பசிச்சா ஒரு கைப்பிடி கச்சாங், நிலக்கடலை. அவ்ளோதான்.

நான் டயட்டிஷனா வேலை பாக்க ஆரம்பிச்சப்ப இப்படி வருஷத்துக்கு ஒருத்தர் வந்தா அதிகம், இப்ப மாசத்துக்கு ரெண்டு மூணு பேர் வர்றாங்க, வர்றவங்க எல்லாருமே நம்ம பிள்ளைங்க நல்லதுக்குத்தான அனுப்பினாங்கன்னு நம்பி வர்றவங்க, அதான் மனசு கேக்க மாட்டேங்குது. சைவக்காரங்களுக்கு தோஃபுதான் மீனு, தோஃபுதான் முட்டை. அத எடுத்துட்டா அந்த இடத்துல என்ன வைக்கணும்னு அந்த மெசேஜ்ல ஒரு வரி கூட இல்ல.

அவங்க ஊசிய பத்தியும் பேசினேன். 1982லேருந்து விக்கிற மனுஷ இன்சுலின், மனுஷ ஜீன பாக்டீரியாவுல இல்லாட்டி ஈஸ்ட்ல வச்சு தயாரிக்கிறது. மரபணு மாத்துற தொழில்நுட்பம்னா இதுவும்தான், தினமும் ரெண்டு தடவ உங்க உசுர காப்பாத்துறது இதுதான்மான்னு சொன்னேன். மடக்கறதுக்காக சொல்லல, அந்த வார்த்தையில விஷம் இல்லைனு புரியணும்னு சொன்னேன்.

சரி, ஜிஎம் விஷயத்துல உண்மை என்ன? சோயா, சோளம் ரெண்டும் நம்ம மலேசியாவுக்கு அமெரிக்கா, பிரேசில், அர்ஜென்டினாவுல இருந்து வருது, அங்க விளையறதுல பெரும்பங்கு ஜிஎம்தான். மறைக்க ஒண்ணுமில்ல. இங்க வியாபாரத்துக்கு யாரும் ஜிஎம் பயிர் நடுறதில்ல, ஆனா உயிரியல் பாதுகாப்புச் சட்டம் 2007 படி பரிசோதிச்சு அனுமதி குடுத்த சோயா, சோளம் இறக்குமதி ஆகுது. உடம்பு பெருசா கட்டி கட்டியா வீங்கின எலி படம் ஒண்ணு வாட்சப்ல சுத்துதே, அது 2012ல பிரான்ஸ்ல நடந்த ஆராய்ச்சி, அந்த வகை எலிக்கு வயசானா சும்மாவே கட்டி வரும், ஒரு குரூப்புக்கு பத்து எலிதான் வச்சிருந்தாங்க, வெளியிட்ட பத்திரிகையே 2013ல அத வாபஸ் வாங்கிருச்சு. 2016ல அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் நூத்துக்கணக்கான ஆய்வுகள அலசிப் பாத்துட்டு, ஜிஎம் சாப்பாட்டால மத்த சாப்பாட்ட விட உடம்புக்கு கூடுதல் ஆபத்துன்னு நிரூபணமான ஆதாரம் கிடைக்கலைன்னு சொன்னாங்க.

இதுல சண்டை போட வேண்டிய விஷயம் இல்லைனு நான் சொல்லல. விதை யார் கையில இருக்கு, விவசாயி வருஷா வருஷம் கம்பெனிகிட்ட வாங்கித்தான் நடணுமா, களைக்கொல்லி தாங்குற பயிர்னா எவ்ளோ மருந்து அடிக்கிறாங்க, இதெல்லாம் நியாயமான கேள்வி, பினாங்கு பயனீட்டாளர் சங்கம் மாதிரி நம்ம ஊருலேயே இருக்கிறவங்க ரொம்ப காலமா கேக்குற கேள்வி. மருந்துன்னு வந்ததால சொல்றேன், என் பாட்டி கெடாவுல தோட்டத்துல மருந்தடிச்சவங்க, முதுகுல டின்ன சுமந்துகிட்டு, கைக்கு உறை கூட இல்லாம. அவங்க நகம் கறுத்து உதிர்ந்தத நான் பாத்திருக்கேன். பாராகுவாட்ங்கிற களைக்கொல்லிய நம்ம நாட்டுல 2020லதான் முழுசா தடை பண்ணாங்க. அந்த ரப்பரும் செம்பனையும் ஜிஎம்மே கிடையாது, விஷம் மட்டும் அங்க இருந்துச்சு. அதனால மருந்த பத்தி பயப்படுங்க, எனக்கும் பயம்தான், ஆனா அந்த பயத்த தோஃபு மேல காட்டாதீங்க.

இப்ப எனக்கு தாங்கவே முடியாத ஒண்ணுக்கு வரேன். விதையில்லாத பழம் எல்லாம் ஜிஎம்மாம், அத சாப்பிட்டா பிள்ளை பிறக்காதாம்! போன மாசம் கல்யாணமாகி மூணு வருஷமான ஒரு பொண்ணு, மாமியார் சொன்னாங்கன்னு பழம் சாப்பிடுறதயே விட்டுட்டு வந்து என் முன்னால அழுவுது. விதையில்லாத தர்பூசணிக்கு யாரும் வெளிய இருந்து ஜீன் வைக்கல. ஒரு செடியோட குரோமோசோம் செட்ட ரெட்டிப்பாக்கி அத சாதா செடியோட சேத்தா, பிறக்குற செடிக்கு மூணு செட் இருக்கும், மூண ரெண்டா சமமா பிரிக்க முடியாததால விதை முத்தாது. அவ்ளோதான், ஜப்பான்ல பல பத்து வருஷத்துக்கு முன்னாலேயே பண்ணிட்டாங்க. பப்பாளி வேற கதை, ஹவாய்ல ஜிஎம் பப்பாளி இருக்கு, 1998லேருந்து விக்குது, ஆனா நம்ம எக்சோட்டிக்கா பப்பாளி, மார்டிங்கிற நம்ம நாட்டு விவசாய ஆராய்ச்சி நிலையம் 1987ல விட்டது, ரெண்டு ரகத்த கலந்து கலந்து எடுத்த சாதாரண கலப்பு ரகம். வாழைப்பழத்த பாருங்க, ரஸ்தாளியிலயும் பீசாங் மாஸ்லயும் விதை எங்க இருக்கு? பக்கக்கன்னு வச்சுத்தானே வளக்குறோம்? அந்த வாழைய மண்டபத்து வாசல்ல கட்டி "வாழையடி வாழையா தழைக்கணும்"னு வாழ்த்துறோம், எத்தன தலைமுறையா பெருகியிருக்கோம்! பழத்துல விதை இருக்கா இல்லையாங்கிறதுக்கும் பொம்பள கர்ப்பப்பைக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. அந்த பொண்ணுக்கு பிசிஓஎஸ்ங்கிற ஹார்மோன் கோளாறு இருக்கு, பாக்க வேண்டியது டாக்டர, அதுவும் புருஷனையும் கூட்டிகிட்டு போய், இதுல மூணு வருஷம் போயிருச்சு.

அந்த ஆண்டி கதைக்கு திரும்ப வரேன். எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது அவங்க கச்சாங்க பாத்துதான். பையில கொண்டாந்திருந்தாங்க, பசார்ல மலிவா மொத்தமா வாங்கி அடுப்புக்கு மேல ஷெல்ஃப்ல மாசக்கணக்கா வச்சது, சில பருப்பு சுருங்கி கறுத்து பூசண வாடை. அந்த பூசணத்துல வர்ற அஃப்ளாடாக்சின் ஈரல் புத்துநோய் வர வைக்கும்னு உறுதியான விஷயம், வறுத்தாலும் பொரிச்சாலும் முழுசா போகாது, ஹெபடைட்டிஸ் பி இருக்கிறவங்களுக்கு ஆபத்து பல மடங்கு. 1988 அக்டோபர்ல பேராக்ல லோ ஷீ ஃபன்ங்கிற அரிசி மாவு நூடுல்ஸ் சாப்பிட்டு 13 பிள்ளைங்க செத்தாங்க, விசாரிச்சப்ப அஃப்ளாடாக்சின்னு வந்துச்சு. இதுக்கு யாராச்சும் ஃபார்வர்ட் அனுப்புறீங்களா?

கச்சாங்க சின்ன பாக்கெட்டா வாங்குங்க, காத்து புகாத டப்பாவுல போட்டு ஐஸ்பெட்டில வைங்க, கசந்தா துப்பிருங்க, கறுத்தத பொறுக்கிட்டு மிச்சத்த சாப்பிடலாம்னு நினைக்காதீங்க, மொத்தமா கொட்டுங்க. கீரைய பாத்திரம் கழுவுற சோப்புலயும் ப்ளீச்லயும் ஊறப்போடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது, அது இலைக்குள்ள எறங்கிரும், வேர வெட்டிட்டு இலை இலையா பிரிச்சு ஓடுற தண்ணில தேச்சு அலசுனா போதும். காலைல வடிச்ச சோற சாயங்காலம் வரைக்கும் மேசையிலேயே மூடி வச்சிட்டு சூடு பண்ணா சரியாயிரும்னு நினைக்கிறது தப்பு, அதுல வர்ற சில கிருமியோட விஷம் சூட்டுக்கு சாகாது. ஆறுனதும் ஐஸ்பெட்டி.

ஆண்டிக்கு அரை கட்டி தோஃபுவும் பருப்பும் தயிரும்னு மறுபடி ஆரம்பிச்சாச்சு. டாக்டர் அன்னைக்கே இன்சுலின் யூனிட்ட மாத்தி குடுத்தாரு. மூணு வாரம் கழிச்சு வர சொல்லியிருக்கேன், மகனும் கூட வரணும்னு சொல்லி விட்டிருக்கேன். இன்சுலின் போடுற அப்பா அம்மா இருக்கிற பிள்ளைங்களுக்கு கும்பிட்டு கேக்குறேன், அவங்க தட்டுலேருந்து எதையாவது எடுக்கிறதுக்கு முன்னால கிளினிக்குக்கு ஒரு போன் போடுங்க, சாப்பாடு குறைஞ்சா அன்னைக்கே ஊசி அளவும் மாறணும்.