பாலியேட்டிவ்: ‘தணிப்பு’ என்றே சொல்லலாம்

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை பக்கத் தறி வீடுகளில் அடிக்கடி காதில் விழும் சொல் ‘பாலியேட்டிவ்’. புற்றுநோய்க்காகச் சென்னைக்கோ வேலூருக்கோ திருப்பதிக்கோ போய்த் திரும்பியவர்களின் டிஸ்சார்ஜ் சீட்டில் அது கடைசி வரியாக இருக்கும். அந்தச் சீட்டைப் படிப்பது பெரும்பாலும் காலேஜ் போகும் பேரப்பிள்ளைதான்.

“என்னா எழுதியிருக்கான்?”

“பாலியேட்டிவ்னு போட்டிருக்கு ஆயா.”

“அப்படின்னா?”

“இனிமே மருந்து கேக்காதாம். வீட்லயே வச்சுப் பாத்துக்கச் சொல்லிட்டாங்க.”

அதோடு அந்த வீட்டில் வைத்தியப் பேச்சு நின்றுவிடும். சொந்தக்காரர்களுக்குப் போன் போகும். ‘கையை விரிச்சிட்டாங்க’ என்பதற்குத்தான் டாக்டர்கள் பாலியேட்டிவ் என்று எழுதுகிறார்கள் எனத் தெருவே நம்பிவிடுகிறது. நோயாளிக்கு உண்மையில் கிடைக்க வேண்டிய வைத்தியம், அதன் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நின்றுபோகிறது. இதனால்தான் இந்தச் சொல்லுக்கு நல்ல தமிழ் வேண்டும் என்கிறேன். மொழிப்பற்று மட்டும் இதற்குக் காரணமில்லை.

சொல்லின் பொருள் என்ன? உயிருக்கு ஆபத்தான நோயோ, தீராத நோயோ வந்தவரின் வலி, மூச்சுத்திணறல், வாந்தி, படுக்கைப்புண், தூக்கமின்மை, பயம் ஆகியவற்றைக் கண்டறிந்து குறைப்பதும், அவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்துக்குத் துணை நிற்பதும். புற்றுநோய்க்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். செயலிழந்த சிறுநீரகம், பலவீனமான இதயம், பக்கவாதம், முதுமை மறதிநோய் எல்லாம் இதில் அடங்கும். மனச்சோர்வும் அடங்கும். ‘சாகக் கிடக்கிற மனுஷனுக்கு வருத்தம் இல்லாம இருக்குமா’ என்று சொல்லி அதை அப்படியே விட்டுவிடுகிறோம். ஆனால் கடைசிக் கட்டத்தில் வரும் மனச்சோர்வும் மருந்துக்கும் பேச்சுக்கும் கட்டுப்படக்கூடிய நோய்தான்.

சொல்லின் வேர் லத்தீன். ‘பாலியம்’ என்றால் மேலே போர்த்திக்கொள்ளும் அங்கி. அதிலிருந்து ‘பாலியாரே’, அதாவது போர்த்துதல். பழைய ஐரோப்பிய வைத்தியத்தில் நோயை அடியோடு தீர்க்காமல் அதன் தொல்லையை மட்டும் மூடி வைப்பதை இந்தச் சொல்லால் குறித்தார்கள். குற்றத்தை மூடி மறைப்பதற்கும் இதே சொல் வழங்கியது. ஆக, பிறந்த இடத்திலேயே அரைகுறை வேலை என்ற நிழல் இதன் மேல் விழுந்திருக்கிறது.

அந்த நிழலைத் துடைத்தவர் கனடாவின் அறுவை மருத்துவர் பால்ஃபோர் மவுன்ட். சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்க லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் 1967-இல் தொடங்கிய செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைப் பார்த்துவிட்டுத் தம் ஊரான மான்ட்ரியலில் அதுபோல ஒன்றை நடத்த விரும்பினார். சாண்டர்ஸ் வழங்கிய ‘ஹாஸ்பிஸ்’ என்ற பெயர் அங்கே உதவவில்லை. பிரெஞ்சு பேசும் அந்த ஊரில் அது போக்கிடமற்ற ஏழைகளின் விடுதியைக் குறித்தது. ‘பாலியேட்டிவ் கேர்’ என்று அவர் பெயரை மாற்றினார். 1975-இல் ராயல் விக்டோரியா மருத்துவமனையில் அந்தப் பெயரில் ஒரு பிரிவு தொடங்கியது. நோயாளிகள் பெயரைக் கேட்டு மிரளக்கூடாது என்பதற்காகத் தேர்ந்த சொல்லைக் கேட்டு நம் ஊர் மிரள்கிறது.

அக்கம்பக்கத்து மொழிகளில் என்ன சொல்கிறார்கள்? எங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், நகரியிலும் புத்தூரிலும் தெலுங்கில் ‘உபசமனம்’. தணிவது, அடங்குவது என்று பொருள். மலையாளத்தில் ‘சாந்த்வன சிகில்ஸா’. ஆறுதல் தரும் சிகிச்சை. இந்தத் துறையில் நாட்டுக்கே வழிகாட்டியது கேரளம். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் வலி தணிப்புச் சங்கம் தொடங்கியது. 2008-இல் மாநில அரசே இதற்கெனக் கொள்கை வகுத்தது. இந்திய மாநிலங்களில் அதுதான் முதல். அங்கே பஞ்சாயத்து நர்ஸ் வீட்டு வாசலில் வந்து நிற்பார். அதனால் சாந்த்வனம் என்றால் ஆள் வரும் என்று அங்குள்ளவர்களுக்குப் புரிகிறது. சொல் நன்றாக அமைந்தால் மட்டும் போதாது, அதன் பின்னால் சேவையும் இருக்க வேண்டும்.

தமிழில் ஏற்கெனவே சில பெயர்கள் உண்டு. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இது ‘நோய் ஆதரவு சிகிச்சை’. திட்டம் நல்ல திட்டம். பெயர்தான் உறுத்துகிறது. நோய்க்கா ஆதரவு? ஆதரவு நோயாளிக்கு அல்லவா! ‘வலி நிவாரணம்’ எளிதாகப் புரியும், ஆனால் பாதியைத்தான் சொல்லும். மூச்சு முட்டுகிறவரையும் உறங்காதவரையும் வெளியே தள்ளிவிடும். ‘இறுதிக்காலச் சிகிச்சை’ என்பதை நான் அடியோடு மறுப்பேன். 2010-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்ட 151 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. நோய் தெரிந்ததுமே இந்தப் பராமரிப்பையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. அவர்கள் வாழ்ந்த காலத்தின் இடைநிலை அளவு 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். இதை ‘இறுதி’ என்று பெயரிட்டுக் கடைசி வாரத்துக்குத் தள்ளுவது அநியாயம்.

என் தேர்வு ‘தணிப்பு’. மருத்துவத் துறையைச் சொல்லும்போது தணிப்பு மருத்துவம், வீட்டில் செய்வதைச் சொல்லும்போது தணிப்புப் பராமரிப்பு.

திருத்தணிக்காரர்களுக்கு இந்த வேர்ச்சொல்லைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சூரனோடு போரிட்ட முருகனின் சினம் தணிந்த மலை என்பதால் தணிகை என்பது தலபுராண வழக்கு. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த ஊர் அது. பெயர் அதற்கு வெகுகாலம் முன்பே தமிழ். வைத்தியத்தோடும் இந்தச் சொல்லுக்குப் பழைய உறவு உண்டு. ‘நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி வாய்ப்பச் செயல்’ என்கிறது குறள். உரைகாரர்கள் இங்கே தணித்தலைத் தீர்த்தல் என்றே கொண்டார்கள். வள்ளுவர் அதே அதிகாரத்தின் கடைசிக் குறளில் வைத்தியனைத் ‘தீர்ப்பான்’ என்கிறார். இரண்டு சொல்லும் அவர் கையில் இருந்தன.

பேச்சு வழக்கைப் பாருங்கள். தாகம் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது, கோபம் தணிகிறது. தணிந்தது மறுபடி வராது என்று யாரும் நினைப்பதில்லை. இன்று தணிந்த தாகம் நாளைக்கும் வரும், நாளைக்கும் தண்ணீர் கொடுப்போம். கடும் வலிக்குத் தரும் மார்ஃபின் மாத்திரையின் கணக்கும் இதுதான். சாதாரண மார்ஃபினை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, வலி திரும்பி வருவதற்கு முன்பே, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். வலி தாங்காமல் அலறிய பிறகு கொடுப்பது சரியான முறை இல்லை. இரவு படுக்கும்போது இரட்டை வேளை அளவாகக் கொடுத்தால் நடுராத்திரி எழுப்ப வேண்டியதில்லை. மலச்சிக்கலுக்கான மருந்தும் கூடவே வேண்டும்.

பள்ளிப்பட்டு பக்கம் ஒரு தறிக்காரர் வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். கன்னத்தில் புற்று, புகையிலைப் பழக்கம். புண்ணின் வாடை தாங்காமல் பேரக்குழந்தைகளைத் தறி மேடை இருக்கும் அறைக்கே விடவில்லை. வந்த நர்ஸ் புண்ணை உப்புநீரில் கழுவி, கிருமியைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்து மேலே தூவிக் கட்டினார். மருமகளுக்கும் செய்து காட்டினார். சில நாளில் வாடை அடங்கியது. பிள்ளைகள் தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து பாடம் எழுதினார்கள். புற்று அப்படியேதான் இருந்தது. தணிப்பு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

மார்ஃபின் என்றால் போதை என்ற பயம் வீட்டிலும் இருக்கிறது, டாக்டர்களிடமும் இருக்கிறது. 1985-இன் போதைப்பொருள் சட்டம் பல உரிமங்களைக் கேட்டதில் மருந்துக் கடைகளும் மருத்துவமனைகளும் ஒதுங்கிக்கொண்டன. 2014-இல் சட்டம் திருத்தப்பட்டு, மார்ஃபின் உள்ளிட்ட இன்றியமையா மருந்துகளுக்கு வழி எளிதாக்கப்பட்டது. மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு அனுமதியோடு அபின் விளைகிற நாடு இது. இங்கே ஒருவர் வலியில் துடிப்பதற்கு மருந்துத் தட்டுப்பாடு ஒரு சாக்கு ஆகக்கூடாது.

அறநெறி விவாதங்களும் இந்தச் சொல்லைச் சுற்றியே நடக்கின்றன. முதலாவது, ‘அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்’. அன்பினால்தான் அப்படிக் கேட்கிறோம். ஆனால் தன் உடம்பைப் பற்றிய செய்தி முதலில் அவருக்கு உரியது. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று அவரிடமே கேட்டுச் சொல்வதுதான் முறை. கேட்டுப் பார்த்தால், முன்பே ஊகித்துக்கொண்டு பிள்ளைகளுக்காக வாய்மூடி இருப்பவர்கள் பலர்.

இரண்டாவது, கருணைக்கொலையோடு குழப்புவது. தணிப்பு மருத்துவம் சாவை விரட்டி வரவழைப்பதும் இல்லை, இழுத்து நிறுத்துவதும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ஊசி போட்டு உயிரை முடிப்பது இந்தியாவில் குற்றம். மீள வழியில்லாத நிலையில் வென்டிலேட்டர் போன்ற உயிர்காப்புக் கருவிகளை விலக்கலாம், அதற்கு முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-ஆம் தேதி தீர்ப்பளித்தது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. அப்படி எழுதி வைக்கும் பத்திரத்தில், மாஜிஸ்திரேட்டிடம் போகாமல் நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன் கையெழுத்திட்டால் போதும். கருவியை விலக்கிய பிறகும் வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து தொடர வேண்டும். விலக்குவது கருவியை, பராமரிப்பை அல்ல.

எழுதும்போது ‘தணிப்பு மருத்துவப் பிரிவு’, ‘தணிப்புப் பராமரிப்புக் குழு’ என எழுதலாம். ‘பராமரிப்பு’ சேரும்போது நடுவில் ப் மிகும். பேசும்போது பெயர்ச்சொல்லை விட வினைச்சொல்தான் நன்றாகப் போய்ச் சேருகிறது: “வலியைத் தணிக்க வாராவாரம் ஆள் வருவாங்க”. தெலுங்கு பேசும் வீடானால் “நொப்பி தக்கிந்தா?” (வலி குறைஞ்சுதா?) என்று கேட்டாலே போதும். டிஸ்சார்ஜ் சீட்டில் பாலியேட்டிவ் என்ற வரியைப் பார்த்தால், வீட்டுக்குக் கிளம்பும் முன் டாக்டரிடம் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: எந்த மருந்து எத்தனை மணிக்கு, நடுராத்திரி வலி வந்தால் யாருக்குப் போன் செய்வது, எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து எந்த நர்ஸ் வருவார்.