நெகட்டிவ் என்றால் நிம்மதியா?

“நெகட்டிவ்னுதானே மேடம் போட்டிருக்கு? அப்ப ஒண்ணும் பிரச்சினை இல்லையே?”

கர்ப்பிணி மனைவியின் ரத்த ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கேட்டார் அவர். வாங்கி விரித்தேன். எச்ஐவி நெகட்டிவ், ஹெபடைட்டிஸ் பி நெகட்டிவ். இரண்டும் நல்ல சேதி. எல்லாவற்றுக்கும் மேல் வரியில் ரத்த வகை: ஓ நெகட்டிவ். அந்த ஒரு வரிக்காக அவரை உட்காரச் சொன்னேன்.

ரத்த வகையோடு ஒட்டி வரும் பாசிட்டிவ், நெகட்டிவுக்கும் நோய்க்கும் சம்பந்தமே கிடையாது. சிவப்பணுவின் மேல் ஆர்எச் டி என்ற புரதம் இருந்தால் பாசிட்டிவ், இல்லாவிட்டால் நெகட்டிவ். நம் நாட்டில் நூற்றுக்குச் சுமார் ஐந்து பேர் நெகட்டிவ். தாய் நெகட்டிவ், தகப்பன் பாசிட்டிவ் என்றால் பிள்ளை பாசிட்டிவாக இருக்கலாம். பிரசவத்தில் பிள்ளையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கும்போது, தாயின் உடம்பு அதற்கு எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். தலைப்பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அடுத்த பிள்ளைதான் மாட்டிக்கொள்ளும். அந்த எதிர்ப்பொருள் அதன் சிவப்பணுக்களை உடைக்கும். வயிற்றிலேயே ரத்தசோகை, பிறந்ததும் கடுமையான மஞ்சள் காமாலை, சில சமயம் பிள்ளையே தங்காது.

தடுக்க ஊசி இருக்கிறது. ஆன்டி-டி என்பார்கள். 28-வது வாரத்தில் ஒன்று, பிள்ளை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொன்று. கரு கலைந்தாலும் டாக்டரிடம் இந்த ஊசியைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். கலைந்துபோன பிறகு எதற்கு ஊசி என்று துக்கத்தோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அது அடுத்து வரப்போகும் பிள்ளைக்கான ஊசி.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்த ஒரு அம்மா, ‘ஈஆர் பாசிட்டிவ்’ என்ற வரியைப் பார்த்து, இன்னொரு நோயும் வந்துவிட்டது என்று அழுதுகொண்டு வந்தார். ஈஆர் என்பது ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம்; அது புற்றில் இருப்பதால் ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை அவருக்கு வேலை செய்ய வாய்ப்பிருக்கிறது என்பதுதான் அந்த வரிக்குப் பொருள். அதே தாளில் இருந்த ‘மார்ஜின் நெகட்டிவ்’ அதைவிட ஆறுதலானது: வெட்டியெடுத்த சதையின் ஓரத்தில் புற்று இல்லை. இதை ரிப்போர்ட் கொடுத்த அன்றே யாராவது அவரிடம் தமிழில் சொல்லியிருக்கலாம்.

சளிப் பரிசோதனை நெகட்டிவ் என்றால் அந்தச் சளியில் காசநோய்க் கிருமி அகப்படவில்லை, அவ்வளவுதான். இருமல் நிற்கவில்லை என்றால் மறுபடி வர வேண்டும்.

அதனால் ரிப்போர்ட் வாங்குகிற எல்லாரிடமும் நான் கேட்டுக்கொள்வது இது: “எது பாசிட்டிவ், அது எனக்கு நல்லதா கெட்டதா, அடுத்து என்ன செய்யணும்?” என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அந்தக் கணவர் பேனா வாங்கி ரிப்போர்ட்டின் ஓரத்தில் ‘28 வாரம், ஊசி’ என்று எழுதிக்கொண்டார். அப்புறம், “என் குரூப் என்னன்னே தெரியாது மேடம், இப்பவே பாத்துடலாமா?” என்று சட்டைக் கையை மடித்துவிட்டார்.