அயர்லாந்தைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள்

பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். அயர்லாந்துக்கு என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அங்கே மகனோ மகளோ இருப்பார்கள், டப்ளினில் ஐ.டி. வேலை, அல்லது ஏதாவது ஒரு ஊர் மருத்துவமனையில் நர்ஸ். வரும்போதே கையில் ஒரு தாள் இருக்கும். பத்து நாள், பன்னிரண்டு ஊர். "முழுத் தீவே தமிழ்நாட்டைவிடச் சின்னது சார், சுத்திடலாம்" என்பார்கள்.

சின்னதுதான். தமிழ்நாடு 1,30,000 சதுர கி.மீ. என்றால் அயர்லாந்துத் தீவு மொத்தமும் 84,000 சொச்சம். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் இந்தக் கணக்கை நம்பித்தான் ஒரு குடும்பத்துக்கு ஒன்பது இரவுக்கு எட்டு விடுதி போட்டுக் கொடுத்தேன். ஆறாம் நாள் தென்மேற்கில் இருக்கும் கில்லார்னி என்ற ஊரிலிருந்து அந்த வீட்டு அம்மா போன் செய்தார். "தம்பி, இதுவரைக்கும் நான் நல்லாப் பார்த்தது என் பெட்டியை மட்டும்தான். காலையில மூடுறேன், ராத்திரி திறக்கிறேன்." அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அன்றிலிருந்து கிலோமீட்டரை விட்டுவிட்டு மணி நேரத்தில்தான் திட்டம் போடுகிறேன். டப்ளினிலிருந்து மேற்கே இருக்கும் கால்வே நகரம் சுமார் 200 கி.மீ.; பெரும்பகுதி மோட்டார்வே என்பதால் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதைப் பார்த்துவிட்டு மேற்குக் கரையிலும் அதே வேகத்தில் போகலாம் என்று நினைப்பதில்தான் தப்பு தொடங்குகிறது. அங்கே கிராமத்துச் சாலை ஒரு காரின் அகலம்தான் இருக்கும். நடுவில் புல் முளைத்திருக்கும். இரண்டு பக்கமும் வேலிப்புதரோ கல் சுவரோ கதவை உரசும். எதிரே டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கும் இடம் வரை ரிவர்ஸ் எடுக்க வேண்டும், அது பெரும்பாலும் நீங்களாகத்தான் இருக்கும். வளைவு திரும்பினால் ஆடுகள் சாலையில் படுத்திருக்கும். ஹாரனுக்கு அவை அசைவதில்லை. 2025 பிப்ரவரி 7 முதல் இந்த உள்ளூர்ச் சாலைகளின் வேக வரம்பை 80இலிருந்து 60 கி.மீ. ஆகக் குறைத்துவிட்டார்கள். பல இடங்களில் 60 போவதற்கே தைரியம் வேண்டும்.

தென்மேற்கில் கெர்ரி மாவட்டத்தில் சுற்றிவரும் 'ரிங் ஆஃப் கெர்ரி' சாலை வட்டம் 179 கி.மீ. மேப்பைக் கேட்டால் மூன்றரை மணி நேரம் என்று சொல்லும். நான் ஒரு முழு நாள் ஒதுக்குவேன். சுற்றுலாப் பேருந்துகள் எல்லாம் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் போகின்றன. அதே திசையில் போனால் அவற்றின் பின்னால் ஊர வேண்டும், மறு திசையில் போனால் குறுகிய வளைவுகளில் அவற்றை நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். புது ஓட்டுநருக்கு நான் சொல்வது, பேருந்துகளின் திசையிலேயே காலையில் சீக்கிரம் கிளம்பிவிடுங்கள் என்றுதான். பக்கத்திலிருக்கும் டிங்கிள் தீபகற்பத்தின் ஸ்லே ஹெட் சாலைக்கு இது பொருந்தாது. அதைக் கடிகாரத் திசையில் சுற்றுவதுதான் அங்கே வழக்கம்.

மேற்குக் கரையோரமாக, வடக்கே மாலின் ஹெட்டிலிருந்து தெற்கே கின்சேல் வரை 2,500 கி.மீ. ஓடும் 'வைல்ட் அட்லாண்டிக் வே'யை முழுதாக முடிக்கிறேன் என்று பத்து நாளில் யாரும் இறங்காதீர்கள். மேற்கே கிளேர் மாவட்டத்தில் மூன்று இரவு, கெர்ரியில் மூன்று இரவு, மிச்சம் டப்ளினும் நியூகிரேஞ்ச் என்ற கற்காலக் கல்லறையும். பத்து நாளுக்கு இது போதும். வடமேற்கு மூலையில் இருக்கும் டொனிகாலை விட்டுவிடச் சொன்னால் முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

வந்து இறங்கும் நாளைப் பற்றி ஒன்று. சென்னையிலிருந்து கிளம்பி வளைகுடா வழியாக டப்ளினில் இறங்கும்போது உடம்பில் ஒரு ராத்திரித் தூக்கம் பாக்கி இருக்கும். அன்றே கார் எடுத்து நான்கு மணி நேரம் கில்லார்னிக்கு ஓட்டுவதைப் போலத் தப்பான முடிவு வேறில்லை. இந்தியா மாதிரியே இடது பக்கம்தானே ஓட்டுகிறார்கள் என்ற தெம்பு வேறு சேர்ந்துகொள்ளும். முதல் இரவு டப்ளின், கார் மறுநாள். என்னிடம் திட்டம் வாங்குகிறவர்களுக்கு இதில் பேரமே கிடையாது.

வாடகைக் காருக்கு நம் ஊர் லைசென்ஸ் போதும். சுற்றுலாப் பயணியாக ஓராண்டு வரை அதை வைத்து ஓட்டலாம். ஆனால் ஒவ்வொரு வாடகை நிறுவனமும் தனியாக நிபந்தனை வைக்கும், முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். ஓட்டுபவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும், அதில் டெபாசிட்டுக்கு ஒரு பெருந்தொகையை முடக்கி வைப்பார்கள். கியர் இல்லாத ஆட்டோமேட்டிக் கார் வேண்டுமென்றால் வெகு முன்னதாகச் சொல்ல வேண்டும், விலையும் கூடும். அப்புறம் இன்சூரன்ஸ். டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம், இவற்றுக்குச் சாதாரண பாலிசி பொறுப்பேற்காது என்பது பெரும்பாலான ஒப்பந்தங்களில் பொடி எழுத்தில் இருக்கும். மேற்குக் கரையில் முதலில் அடிபடுவதே டயரும் பக்கவாட்டுக் கண்ணாடியும்தான். பங்க்கில் பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்புக் குழாய் டீசல். என் வாடிக்கையாளர் ஒருவர் டீசல் காருக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு அரை நாள் சாலையோரம் உட்கார்ந்திருந்தார், அதற்கும் பாலிசி பணம் தரவில்லை. டப்ளினைச் சுற்றிப்போகும் எம் 50 சாலையில் சுங்கச்சாவடியே இருக்காது. கேமரா நம்பரைப் படித்துக்கொள்ளும், மறுநாள் இரவு 8 மணிக்குள் கட்ட வேண்டும். வாடகை நிறுவனமே கட்டிவிடுமா, நாம் கட்ட வேண்டுமா என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள்.

விசாவுக்கு வருகிறேன். அயர்லாந்தில் யூரோதான் புழங்குகிறது, ஐரோப்பிய ஒன்றியத்தில்தான் இருக்கிறது. ஆனால் ஒரே விசாவில் சுற்றிவர விடும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனில் இல்லை. பாரிஸ் பார்த்துவிட்டு அப்படியே டப்ளின் என்று டிக்கெட் எடுத்தவர்கள் விமான நிலைய கவுன்ட்டரிலேயே நிறுத்தப்பட்டிருக்கிறார்கள். இந்தியர்களுக்குத் தனியாக ஐரிஷ் விசா வேண்டும். சில வகை பிரிட்டிஷ் குறுகியகால விசா இருந்து, அதை வைத்து முதலில் பிரிட்டனுக்குள் நுழைந்திருந்தால், தனி ஐரிஷ் விசா இல்லாமல் போக ஒரு விலக்குத் திட்டம் உண்டு. 'முதலில் பிரிட்டன்' என்ற வரியைத்தான் எல்லோரும் தாண்டிப் படித்துவிடுகிறார்கள்.

இதைவிடப் பெரிய குழி ஒன்று வடக்கே இருக்கிறது. அயர்லாந்துப் படம் என்றாலே கண்ணில் படும் அறுகோணக் கற்கள், ஜயன்ட்ஸ் காஸ்வே, ஏறக்குறைய 40,000 பசால்ட் தூண்கள். அது இருப்பது ஆன்ட்ரிம் மாவட்டத்தில், அதாவது வட அயர்லாந்தில், அதாவது பிரிட்டனில். வழியில் செக்போஸ்ட் இல்லை, தடுப்பு இல்லை. வேகப் பலகை கிலோமீட்டரிலிருந்து மைலுக்கு மாறும், கடையில் பவுண்டு கேட்பார்கள், அவ்வளவுதான் அடையாளம். ஆள் இல்லை என்பதால் அனுமதி வேண்டாம் என்று ஆகிவிடாது. வெறும் ஐரிஷ் விசாவோடு உள்ளே போனால் பிரிட்டனுக்குள் விசா இல்லாமல் நுழைந்ததாகிறது. ஒருமுறை நுழைவு விசா என்றால் திரும்பி வருவதற்கும் வேறு விசா வேண்டும். பேருந்திலும் ரயிலிலும் அதிகாரிகள் ஏறி ஆவணம் கேட்பதும் உண்டு. என்னிடம் வந்த ஒரு தம்பதி இப்படிப் போய்விட்டு வந்து, அடுத்த முறை பிரிட்டிஷ் விசா விண்ணப்பத்தில் என்ன எழுதுவது என்று கேட்டபோது என்னிடம் நல்ல பதில் இல்லை. இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கிறவர்களுக்கு இரண்டு நாடுகளுக்கும் சேர்த்துச் செல்லும் பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம் இருக்கிறது. விசாவில் அதற்கான குறிப்பு அச்சாகியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். விசா கொடுத்த நாட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும். வாடகைக் கார் எல்லை தாண்டலாமா என்பதையும் சேர்த்தே கேட்டுக்கொள்ளுங்கள்.

பணமும் காகிதமும் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். எனக்கு உண்மையில் பயம் கடலைப் பற்றித்தான்.

கிளேர் கரையில் கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் மோஹர் பாறைகள் உச்சியில் 214 மீட்டர். வரவேற்பு மையத்தை ஒட்டிய பாதைக்குப் பலகைக் கல்லால் தடுப்பு வைத்திருக்கிறார்கள். ஆட்கள் அதைத் தாண்டி விளிம்புக்குப் போவது போட்டோவுக்காக. மேலே நிற்பவருக்குத் தெரியாதது, அந்த விளிம்பின் கீழே பாறை அரித்துப் போய்ப் புல் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கலாம் என்பது. காற்று கடலிலிருந்துதான் வரும், பின்னால்தானே தள்ளும் என்றும் நினைக்கக் கூடாது. சட்டென்று நிற்கும், சுழலும். சாய்ந்து நின்றவர் அந்த நேரத்தில் தடுமாறுவார். அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. கரையோர நடைபாதையின் பகுதிகளை மூடியும் வைத்தார்கள். மூடிய பாதை என்று பலகை இருந்தால், உள்ளே நான்கு பேர் நடந்துகொண்டிருந்தாலும் அது மூடிய பாதைதான்.

ஓதத்தைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது இன்னும் கஷ்டம். காரணம் இருக்கிறது. மெரினாவில் வளர்ந்தவர் கடல் ஏறி இறங்குவதைப் பெரிதாகப் பார்த்திருக்க மாட்டார். சென்னைக் கரையில் அது ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். கால்வே பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் 4 மீட்டரைத் தாண்டும். மணல் சரிவு குறைந்த இடத்தில் 4 மீட்டர் ஏற்றம் என்றால், கண்ணுக்கெட்டிய வரை மணலாக இருந்தது சில மணி நேரத்தில் கடல்.

கால்வேக்கு மேற்கே கானமாரா பகுதியில் கிளாடாடஃப் என்ற ஊருக்கு எதிரே ஓமி என்று ஒரு தீவு. நீர் வற்றும்போது மணல்மேல் நடந்தே போகலாம், காரே போகும். வழிகாட்டக் கம்பங்கள் நட்டிருக்கிறார்கள். நீர் ஏறினால் அந்தச் சாலை கடலுக்கடியில். தீவில் மாட்டிக்கொண்டால் அடுத்த வற்றம் வரை காத்திருக்கலாம், குளிர்தான். பாதி வழியில் மாட்டிக்கொண்டால் காத்திருக்க முடியாது. ஓத நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். நேற்றுப் போனவர் சொன்ன நேரம் இன்றைக்கு உதவாது. அன்றன்றைய அட்டவணையைப் பாருங்கள், உள்ளூர்க்காரர் ஒருவரிடமும் கேளுங்கள். கெர்ரியின் இன்ச் கடற்கரையில் மணலில் காரை ஓட்டிப்போய் நிறுத்துகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

குளிப்பதென்றால் சிவப்பு-மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும். அங்குதான் உயிர்காப்பாளர் பார்வை இருக்கும். கோடையிலும் தண்ணீர் 15 டிகிரி அளவில்தான். திடீரென்று இறங்கினால் மூச்சு வாங்கி, அந்தப் பதற்றத்தில் தண்ணீரைக் குடித்துவிடுவோம். யாராவது இழுத்துச் செல்லப்பட்டால் பின்னால் குதிக்காமல் 112 அல்லது 999 அழைத்து 'கோஸ்ட் கார்டு' என்று கேளுங்கள். இந்த இரண்டு எண்ணையும் திட்டத்தின் முதல் பக்கத்தில், விடுதி முகவரிக்கு மேலே அச்சடித்துத்தான் கொடுக்கிறேன்.

முகவரி என்றதும் நினைவுக்கு வருகிறது. அயர்லாந்துக் கிராமத்து வீடுகளுக்குக் கதவெண் இருக்காது. வீட்டுக்கொரு ஏழெழுத்துக் குறியீடு உண்டு, எயர்கோட் என்று பெயர். விடுதிக்காரரிடம் அதைக் கேட்டு வாங்கி மேப்பில் போட்டால் வாசலிலேயே கொண்டுபோய் விடும். ஆம்புலன்ஸ் கூப்பிட்டாலும் அதுதான் கைகொடுக்கும். ஐரிஷ் பேசும் பகுதிகளில் சாலைப் பலகை ஐரிஷில் மட்டும் இருக்கும். டிங்கிளைத் தேடுகிறவர் 'அன் டைங்கன்' என்ற பெயரைக் கண்டு தாண்டிப் போய்விடக் கூடாது.

மழை? பெய்யும். மேற்கில் சில பகுதிகளில் ஆண்டுக்கு 225 நாள் அளவுக்கு மழை நாட்கள். குடை காற்றில் திரும்பிக்கொள்ளும், தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் வேண்டும். வானிலைத் துறையான மெட் ஏரன் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை விடும். ஆரஞ்சு வந்தால் கரையோரத் திட்டத்தை நானே போன் செய்து மாற்றிவிடுவேன். சைவம் சாப்பிடுகிறவர்கள் காய்கறி சூப்பிலும் கோழிச் சாறு சேர்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். கிராமத்தில் சமையலறையை எட்டரை, ஒன்பதுக்கு மூடிவிடுவார்கள். ஜூனில் பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால் பசி நேரமே தெரியாமல் போகும்.

கடைசியாக ஸ்கெல்லிக் மைக்கேல். கரையிலிருந்து 12 கி.மீ. தள்ளிக் கடலுக்குள் நிற்கும் பாறை, உச்சியில் துறவிகள் கட்டிய பழைய கல் குடில்கள். மே நடுவிலிருந்து செப்டம்பர் வரைதான் படகு, ஒரு நாளைக்கு 180 பேர்தான் இறங்கலாம், மாதக்கணக்கில் முன்பே பதிய வேண்டும். பதிந்தாலும் அலை அனுமதிக்க வேண்டும். ரத்தாகும் நாட்கள் ஏராளம். மேலே 600க்கும் அதிகமான படிகள், கைப்பிடி இல்லை.

போன கோடையில் ஒரு குடும்பம். ஸ்கெல்லிக்குக்காகவே, படகு கிளம்பும் ஊரான போர்ட்மேகியில் மூன்று இரவு போட்டிருந்தேன். "ஒரு படகுக்கு மூன்று நாளா?" என்று மகன் வாதாடினார். முதல் நாள் படகு ரத்து, இரண்டாம் நாளும் ரத்து. மூன்றாம் நாள் காலை படகுக்காரர் வேறு ஆட்கள் வராத இடத்தில் இவர்களை ஏற்றிக்கொண்டார். அம்மாவுக்கு முழங்கால் வலி, அவர் ஏறவில்லை. பாலத்தைத் தாண்டி வலென்சியா தீவுக்குப் போய், மேட்டில் நின்று அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அங்கிருந்து எனக்கு ஒரு போட்டோ அனுப்பினார். தூரத்தில் இரண்டு முக்கோணம், ஓரத்தில் அவர் விரல். "பெட்டி ரூம்லேயே இருக்கு தம்பி" என்று எழுதியிருந்தார். அதே அம்மாதான்.