வினாநிரல், நேர்காணல்: இரு சொற்களின் பொருள்

ஒருவர் மனத்தில் இருப்பதை அறிய உளவியல் ஆய்வாளர்கள் பெரிதும் நம்பியிருப்பது இரண்டு வழிகளை. எல்லாருக்கும் ஒரே கேள்விகளை, ஒரே வரிசையில் கொடுத்து விடை வாங்குவது ஒன்று. எதிரில் உட்கார்ந்து பேசிக் கேட்பது இன்னொன்று. ஆங்கிலத்தில் முன்னது கொஸ்டினேர், பின்னது இன்டர்வியூ.

கொஸ்டினேர் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். தேடு, கேள் என்று பொருள்படும் லத்தீன் வினை அதன் வேர். அதே வேரில் பிறந்த ‘கெஸ்தியோன்’ என்ற சொல், பழைய பிரெஞ்சு நீதிமன்றங்களில் வதைத்து உண்மை கறப்பதற்கும் பெயராக இருந்தது. நம்முடைய வினாவுக்கு அந்தக் கறை இல்லை. “செப்பும் வினாவும் வழாஅல் ஓம்பல்” என்கிறது தொல்காப்பியம். விடையிலும் வினாவிலும் பிழை நேராமல் காக்க வேண்டும் என்பது பொருள். கேள்வி தயாரிக்கும் ஒவ்வொருவரும் மேசையில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டிய வரி இது.

நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது. விடை தெரிந்துகொண்டே ஆசிரியர் மாணவனைக் கேட்பது அறிவினா. தெரியாமல் கேட்பது அறியாவினா. ஆய்வாளர் கேட்க வேண்டியது அறியாவினாதான். “இந்த வேலை மன அழுத்தம் தருகிறதல்லவா?” என்று கேட்டால் விடையை நாமே ஊட்டிவிடுகிறோம்.

ஆகவேதான் கேள்வித்தாள், வினாத்தாள் என்ற பெயர்கள் இங்கே வேண்டாம் என்கிறேன். அவை பரீட்சைக்கு உரியவை. கையில் வாங்கியவுடனே ‘சரியான விடை எது’ என்று மனம் தேடத் தொடங்கிவிடும். இலங்கையில் வழங்கும் வினாக்கொத்து அழகான சொல். ஆனாலும் என் தேர்வு வினாநிரல். நிகழ்ச்சி நிரலில் இருக்கும் அதே நிரல்தான்: வரிசை, ஒழுங்கு.

வரிசை அவ்வளவு முக்கியமா? 1948இல் அமெரிக்காவில் ஒரு கருத்தாய்வு நடந்தது. ரஷ்யாவிலிருந்து வரும் கம்யூனிஸ்ட் நிருபர்களை அமெரிக்காவில் அனுமதிக்கலாமா என்று முதலில் கேட்டபோது சுமார் 37 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். அமெரிக்க நிருபர்களை ரஷ்யா அனுமதிக்க வேண்டுமா என்பதை முன்னால் வைத்துவிட்டு அதையே கேட்டபோது ஆம் என்றவர்கள் சுமார் 73 சதவீதம். கேள்வி அதேதான், இடம்தான் மாறியது.

வினாநிரல் முறையை உளவியலுக்குள் கொண்டுவந்தவர்களில் முன்னோடி ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன். காலையில் உட்கார்ந்த உணவு மேசையை மனக்கண்ணில் நிறுத்திப் பாருங்கள், வெளிச்சம் எப்படி, நிறங்கள் தெளிவா என்று பலருக்கும் கேள்வி அனுப்பி, 1880இல் முடிவுகளை வெளியிட்டார். ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ தொடங்கி ஐந்து படிகளில் விடை கேட்கும் அளவுகோல் 1932இல் அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கர்ட் தந்தது.

இன்டர்வியூவும் பிரெஞ்சு வழி வந்ததே. ஒருவரையொருவர் காண்பது என்பது அதன் மூலப்பொருள். நேர்காணல் அதற்கு அப்படியே பொருந்துகிறது. பேட்டி பத்திரிகைக்கும், நேர்முகத் தேர்வு வேலைக்கும் இருக்கட்டும். களத்துக்குப் போகும்போது இன்டர்வியூ என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். வேலை தேடும் பிள்ளை உள்ள வீட்டில் அது பதற்றத்தைத்தான் தரும். “உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்” என்றால் போதும்.

ஒரு பாட்டியிடம் வினாநிரலை நானே வாசித்துக் குறித்துக்கொண்டிருந்தேன். “போன ரெண்டு வாரத்துல எத்தனை நாள் மனசு சோர்வா இருந்துச்சு பாட்டி?”

“சோர்வா? எனக்கென்னப்பா சோர்வு, அதெல்லாம் இல்ல.”

‘ஒரு நாளும் இல்லை’ கட்டத்தில் குறி போட்டேன். படிவம் முடிந்து, அவர் தந்த தண்ணீரைக் குடித்துக்கொண்டே, சமையல் ஆச்சா என்று கேட்டேன்.

“உங்க தாத்தா போனதுலேருந்து ஒரு வேளைதான் அடுப்பு எரியுது. யாருக்குன்னு ஆக்கறது?”

போட்ட குறியை நான் மாற்றவில்லை. அது அவர் சொன்ன விடை. பக்கத்து ஓரத்தில், அடுப்பைப் பற்றி அவர் சொன்னதையும் சொன்னபடியே எழுதி வைத்தேன்.