பிரகடனமா, சாற்றுரையா?

மனித உரிமை நாளான டிசம்பர் 10 வந்தால், 1948-இல் ஐ.நா. ஏற்ற ஆவணத்தின் பெயராக மேடைகளில் ‘சர்வதேச மனித உரிமைப் பிரகடனம்’ என்ற தொடர் காதில் விழும். ‘பிரகடனம்’ வடசொல். ‘பிரகட’ என்றால் வெளிப்படையாகத் தெரிகிற என்று பொருள். அதற்கான ஆங்கிலச் சொல் ‘டிக்ளரேஷன்’ லத்தீன் வழி வந்தது; அதன் வேரான ‘கிளாரஸ்’ என்பதற்கும் தெளிவான என்றுதான் பொருள்.

ஆக இரண்டு சொல்லும் ஒன்றைப் புதிதாகக் கொடுப்பதைச் சொல்லவில்லை. இருப்பதை எல்லார் முன்னும் எடுத்துச் சொல்வதையே குறிக்கின்றன. 1789-இல் பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் 17 பிரிவுகளில் வெளியிட்ட ஆவணத்தின் முகவுரையைப் பாருங்கள். மனித உரிமைகளை அறியாததும் மறந்ததும் இகழ்ந்ததுமே நாட்டின் கேடுகளுக்குக் காரணம் என்கிறது. மறந்ததை நினைவூட்டத்தான் அந்த ஆவணம். பெண்களை மட்டும் அவர்களே மறந்துவிட்டார்கள்! 1791-இல் ஒலிம்ப் தெ கூழ் என்ற பிரெஞ்சுப் பெண் எழுத்தாளர் பெண்ணுரிமைக்குத் தனி ஆவணம் எழுத வேண்டியதாயிற்று.

1948-இல் ஐ.நா. ஆவணத்திலும் இந்தச் சிக்கல் எழுந்தது. ஆண்பாலாக ஒலித்த முதல் பிரிவை ‘மனிதப் பிறவிகள் அனைவரும்’ என்ற பொருள்பட மாற்ற வைத்தவர் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா. பாரிசில் நடந்த ஐ.நா. வாக்கெடுப்பில் 48 நாடுகள் ஆதரித்தன, 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின, எதிர்ப்பு இல்லை. இந்தியா இதில் ‘கையெழுத்திட்டது’ என்று எழுதுவது பிழை. ஆதரித்து வாக்களித்தது, அவ்வளவுதான். நாடுகள் கையெழுத்திட்டுக் கட்டுப்படுவது உடன்படிக்கை. அப்படி இரண்டு மனித உரிமை உடன்படிக்கைகள் 1966-இல் வந்து, 1976-இல் நடைமுறையாயின.

‘சர்வதேச’ என்பதும் சரியில்லை. வரைவில் அப்படித்தான் இருந்தது. வரைவுக் குழுவில் இருந்த பிரான்சின் ரெனே கசேன் அதை ‘உலகப் பொது’ என்ற பொருளுக்கு மாற்றச் சொன்னார். நாடுகளுக்கிடையே உள்ளது வேறு, ஆள் ஒவ்வொருவருக்கும் உரியது வேறு.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘அறிக்கை’ குழப்பும், கட்சித் தலைவர் தினமும் விடுவதும் அறிக்கைதான். ‘அறிவிப்பு’ ரயில் நிலையத்தை நினைவூட்டும். சாற்றுதல் என்றால் பலரறியச் சொல்லுதல். பறைசாற்றுதல் என்று இன்றும் சொல்கிறோம். அதிலிருந்து வந்த ‘சாற்றுரை’ ஏற்கெனவே சிலர் கையாளும் சொல். ‘உலக மனித உரிமைச் சாற்றுரை’ என்றே நான் எழுதுகிறேன். ‘அவசரநிலைப் பிரகடனம்’ மட்டும் வாயில் ஊறிவிட்டது, அதை மாற்ற வரவில்லை.