எவ்வளவு முறுக்கினாலும் இடைவெளி மூடாதது ஏன்?

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சமையலறை அலமாரியை 18 மி.மீ. பிளைவுட்டில் செய்தோம். ஆசாரி ஜிப்சம் ஸ்க்ரூதான் போட்டார். பக்கப் பலகைக்கும் தட்டுக்கும் நடுவில் ஏ.டி.எம். கார்டு நுழையும் அளவுக்குச் சந்து இருக்கிறது. இன்னும் கொஞ்சம் முறுக்கச் சொன்னோம், இரண்டு ஸ்க்ரூ தலையோடு முறிந்துவிட்டது. பிளைவுட் மட்டமா, ஸ்க்ரூ மட்டமா?"

இரண்டும் நல்ல சரக்காகவே இருக்கலாம். அந்த ஸ்க்ரூ ஜிப்சம் பலகையைச் சட்டத்தில் பொருத்தும் வேலைக்காகப் பிறந்தது, அவ்வளவுதான்.

மரை என்பது கம்பியைச் சுற்றி வளைத்த சாய்தளம். வத்தல்மலைச் சாலை சுற்றிச் சுற்றி ஏறுவதைப் போல. ஒரு முழுச் சுற்றுக்கு ஸ்க்ரூ எவ்வளவு முன்னேறுகிறதோ அது மரை இடைவெளி. இது பள்ளிப் பாடம். இனிமேல்தான் சுவாரசியம்.

ஸ்க்ரூவின் மரை இரண்டு பலகைகளைப் பிடித்து இழுத்துச் சேர்க்கிறது என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் மரை பிடிக்க வேண்டியது இரண்டாவது பலகையை மட்டும். முதல் பலகையை அழுத்துவது ஸ்க்ரூவின் தலை. நடுவில் உள்ள தண்டு, முதல் பலகைக்குள் தடையில்லாமல் வழுக்கிப் போக வேண்டும். தலை பலகையில் உட்கார்ந்த பிறகும் முறுக்கும்போது தண்டு மிக மிக நுண்ணிய அளவில் நீள்கிறது, இழுத்துப் பிடித்த ஸ்பிரிங் மாதிரி. அந்த இழுவிசைதான் இரண்டு பலகைகளையும் நெருக்கிப் பிடிக்கிறது.

ஜிப்சம் ஸ்க்ரூவில் நுனியிலிருந்து தலை வரை மரை. துளை போடாமல் செலுத்தினால் அது முதல் பலகையையும் மரையால் கவ்விக்கொள்கிறது. நுனி இரண்டாவது பலகையைத் தொடுகிறது, ஆனால் உடனே கடிக்காது. கால் சுற்றோ அரைச் சுற்றோ வழுக்கிய பிறகுதான் பிடிக்கும். அதற்குள் முதல் பலகையில் ஸ்க்ரூ முன்னேறிவிட்டது, எதிர்ப் பலகை தள்ளப்பட்டுவிட்டது. கரடு மரை உள்ள 3.5 மி.மீ. ஜிப்சம் ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு சுமார் 2.8 மி.மீ. நகரும். மூன்றில் ஒரு சுற்று வீணானாலே 0.9 மி.மீ. சந்து விழும். ஏ.டி.எம். கார்டின் தடிமன் 0.76 மி.மீ. வாசகரின் சந்துக்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

விழுந்த சந்து மூடாததற்கும் காரணம் இதுவே. நுனி கடித்த பிறகு, இரண்டு பலகைகளும் ஒரே மரையில், ஒரே வேகத்தில் நகர்கின்றன. எத்தனை சுற்று சுற்றினாலும் இடையிலுள்ள தூரம் மாறாது. தலை வந்து முட்டும்போது முறுக்கு விசை எல்லாம் கழுத்தில் சேர்கிறது. ஜிப்சம் ஸ்க்ரூ, மெல்லிய தகட்டைத் துளைத்துப் போவதற்காகக் கடினப்படுத்திய எஃகு. கடினமானது, ஆனால் வளையாது, மொடுக்கென்று முறியும். தட்டின் மேல் பாரம் ஏறும்போது ஸ்க்ரூவைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசையிலும் அது வளைந்து கொடுக்காமல் முறியக்கூடும். அலமாரிக் கூட்டுக்கு இதை நம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

சரி, எதை வாங்குவது? 18 மி.மீ. பலகையை இன்னொரு பலகையின் ஓரத்தில் பொருத்த 8×50 சிப்போர்டு ஸ்க்ரூ, பாதி மரை உள்ளது. 8 என்பது கேஜ், வெளிவிட்டம் சுமார் 4.2 மி.மீ. 50 என்பது நீளம். தலைக்குக் கீழே மரையில்லாத பகுதி குறைந்தது 18 மி.மீ. இருக்கிறதா என்று கடையிலேயே அளந்து பாருங்கள். முதல் பலகையில் 4.5 மி.மீ. பிட்டால் துளை, ஸ்க்ரூ தளர்வாக நுழைய வேண்டும். எதிர்ப் பலகையின் ஓரத்தில், தடிமனின் சரியான நடுவில், 9 மி.மீ.யில், 3 மி.மீ. பிட்டால் துளை. ஆழம் மரை போகும் அளவுக்கு. முதல் பலகைத் துளை மட்டும் சரியாக இருந்தால் முழு மரை ஸ்க்ரூகூட இடைவெளியை மூடும்.

ஓரத்துத் துளையை ஏன் விடக்கூடாது? பிளைவுட்டின் ஓரத்தில் ஸ்க்ரூ அடுக்குகளுக்கு இணையாக நுழைகிறது. துளையில்லாவிட்டால் அது ஆப்பு மாதிரி அடுக்குகளைப் பிளக்கும். பலகையின் முகத்தில் மெல்லிய புடைப்பு தெரிந்தால் உள்ளே பிளந்தாயிற்று என்று அர்த்தம். மூலையிலிருந்து 50 மி.மீ. தள்ளி முதல் ஸ்க்ரூ, பிறகு 150 மி.மீ.க்கு ஒன்று. மரை இறுக்கமாகப் போனால் மெழுகுவர்த்தியில் தேயுங்கள். சோப்பு வேண்டாம், ஈரத்தை இழுத்துத் துருவை வரவழைக்கும்.

பார்ட்டிகிள் போர்டில் நடுப்பகுதி உதிரியாக இருப்பதால் இந்த ஸ்க்ரூவும் போதாது. அங்கே 7×50 கன்ஃபர்மேட் (தடித்த தண்டுள்ள அலமாரிக் கூட்டு ஸ்க்ரூ), எதிர்ப் பலகையின் ஓரத்தில் 5 மி.மீ. துளை. கதவுக் கீலுக்கு 16 மி.மீ. நீளம் போதும், 19 போட்டால் 18 மி.மீ. கதவின் மறுபக்க லேமினேட்டைத் தள்ளிவிடும். தொட்டிக்கு அருகில் ஸ்டெயின்லெஸ். அது மிருதுவானது, துளையில்லாமல் செலுத்தினால் முறுகிப் போகும்.

கெட்டி மரத்தில் வேலை செய்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஸ்க்ரூவைப் பிடுங்கத் தேவைப்படும் விசை, மர அடர்த்தியின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. தண்ணீரின் அடர்த்தி 1 என்றால் பைன் 0.45, தேக்கு 0.63 என்று வைத்தால் அடர்த்தி 1.4 மடங்குதான், பிடிப்போ கிட்டத்தட்ட 2 மடங்கு. கிருஷ்ணகிரித் தோப்புகளில் காய்ப்பு ஓய்ந்து வெட்டும் மாமரங்கள் மரவாடிக்குப் போகின்றன. அந்தப் பலகையில் எந்த ஸ்க்ரூ எவ்வளவு பிடிக்கும் என்று ஓர் எளிய அட்டவணை ஆசாரிகள் கையில் இருக்க வேண்டும். மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் பெங்களூரில், ஓசூருக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. நம் மாவட்டத்து பாலிடெக்னிக் மாணவர்கள் அதோடு சேர்ந்து இதைச் சோதிக்கச் சிறு நிதி ஒதுக்கினால் போதும். ராக்கெட்டுக்குத் தரும் மரியாதையை ஸ்க்ரூவுக்கும் தர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

வாசகரின் அலமாரியைக் கழற்றிப் போட வேண்டியதில்லை. ஒரு கூட்டில் உள்ள ஸ்க்ரூ எல்லாவற்றையும் எடுங்கள், ஒன்று இருந்தாலும் அதன் மரை சந்தைப் பிடித்து வைத்திருக்கும். முதல் பலகைத் துளையை 4.5 மி.மீ. ஆக்குங்கள். கிளாம்ப் போட்டு இடைவெளியை மூடிவிட்டு 8×50 செலுத்துங்கள். பழைய துளை 3.5 மி.மீ.தான், புதிய மரை அதைத் தாண்டிப் புது மரத்தைக் கடிக்கும். டிரில்லின் கிளட்சை (முறுக்கு விசைக்கு வரம்பு வைக்கும் வளையம்) குறைவாக வைத்துத் தொடங்கி, தலை உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேல் சுற்றினால் மரை, நார்களை அறுத்துவிட்டுச் சும்மா சுழலும். முறிந்த இரண்டையும் தோண்டி எடுக்காதீர்கள், குழிதான் பெரிதாகும். அவை அங்கேயே இருக்கட்டும், ஆனால் அவற்றின் மரை இன்னும் இரண்டு பலகைகளையும் பிடித்திருக்கும் என்பதால் அந்த இடத்தில் கிளாம்பைப் பலமாகப் போட்டு, 30 மி.மீ. தள்ளிப் புதுத் துளை போடுங்கள்.